பல்லி தந்த கதைகளும் வெள்ளச்சியின் குட்டித் தோசையும்

சொய்ங்... சொய்ங்... சுய்.

முதலில் காதில் விழுவது இந்தச் சத்தம்தான். சொய்ங் என்று ஒரு பெரிய தோசை. சொய்ங் என்று இன்னொரு பெரிய தோசை. அப்புறம் கொஞ்சம் பொறுத்து, சட்டியின் அடியில் ஒட்டிக்கிடக்கும் மாவை விரலால் வழித்து ஊற்ற, சுய் என்று ஒரு குட்டித் தோசை. விடிந்தும் விடியாமலும் தெருவுக்கே கேட்கும்.

சத்தம் கேட்டாயிற்றா? இனி ஆளைப் பார்க்கலாம்.

சுவரில் ஊரும் பல்லிக்கும் பேச்சு இருந்த காலம் அது. கடற்கரை ஓரமாக முத்தூரணி என்று ஒரு ராஜ்யம். அதில் உப்புக்காரத் தெரு. அந்தத் தெருவின் கடைசி வீட்டில் சேந்தன் என்று ஒருவன், அவன் பெண்டாட்டி வெள்ளச்சி. அடுப்படியில் நிற்கிறவள் அவள்தான்.

பெரிய தோசை இரண்டும் அவர்கள் இருவருக்கு. குட்டித் தோசை யாருக்கு என்றால், அவர்களுக்குச் செவந்தி என்று ஒரு மகள் இருந்தாள். அடுப்புப் பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டு, "எனக்கு என் கை அளவுக்கு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். பிள்ளை போனது, பழக்கம் போகவில்லை. வெள்ளச்சி தினமும் கடைசி மாவை வழித்துக் குட்டித் தோசை ஊற்றி, அதை மதில்மேல் வைப்பாள். ஒரு காக்கை வந்து தின்னும். தெருவில் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. சேந்தனும் கேட்டதில்லை.

சேந்தன் பகலெல்லாம் உப்பு மூட்டை தூக்குகிறவன். பள்ளிக்கூடம் போனதில்லை. கோயில் கல்வெட்டைத் தடவித் தடவி, தானாகவே எழுத்துக் கற்றுக்கொண்டவன். அவனுக்கு ஒரே ஒரு ஆசை. கதைசொல்லி ஆக வேண்டும். மூட்டையை இறக்கியதும் வீட்டுக்குப் போக மாட்டான். நேராகக் கதை மண்டபத்துக்குப் போய், அடுத்தவர் சொல்வதைத் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பான்.

அந்த மண்டபத்தில் ஒரு வழக்கம். மாதப் பிறப்பன்று மகாராஜா வந்து உட்காருவார். யார் வேண்டுமானாலும் கதை சொல்லலாம். சொல்லும்போது சுவரில் பல்லி சத்தம் போட வேண்டும். பல்லி சொன்னால் அது சத்தியம் அல்லவா? சால்வை கிடைக்கும். பல்லி சொல்லாவிட்டால் வந்த வழியே போக வேண்டியதுதான்.

சேந்தன் ஒருநாள் துணிந்து எழுந்தான். ஏழு கடல், ஏழு மலை, பறக்கும் பாய் எல்லாம் வைத்து ஒரு கதை சொன்னான். பல்லி மூச்சு விடவில்லை.

"உப்பு தூக்குறவன் கதையில ஒரு கல் உப்பு இல்லையேப்பா" என்றான் ஒருவன்.

மண்டபமே சிரித்தது. எல்லாரும் போன பிறகு சேந்தன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

"ச்சு ச்சு. சேந்தா, உனக்குக் கதைதானே வேணும்?"

நிமிர்ந்து பார்த்தான். சாம்பல் நிறத்தில் ஒரு பல்லி. அதன் கண் மட்டும் பொன் நிறம்.

"இந்த ராஜ்யத்துல சுவர் இல்லாத வீடு இருக்கா? நான் ஏறாத சுவர் இருக்கா? யார் எதுக்கு அழுதாலும் எனக்குத் தெரியும். எடுத்து உனக்குத் தர்றேன். நீ சொல்லும்போது நானே சத்தமும் போடறேன். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. நீ சபையில சொல்லி முடிச்சதும், அது உரியவங்க நெஞ்சை விட்டுப் போயிடும்."

"அவங்களுக்கு வலிக்குமா?"

"வலி போயிடும்பா. பாரத்தை இறக்கி வைக்கிறோம். புண்ணியம்தானே?"

புண்ணியம் என்ற சொல் சேந்தனுக்குப் பிடித்துப்போயிற்று.

முதல் மாதம் பல்லி கொண்டுவந்தது ஓடக்காரர் மாரப்பனின் கதை. வெள்ளத்துக்குப் பயந்து பாதி வழியில் ஓடத்தைத் திருப்பியவர் அவர். அக்கரையில் நின்ற தம்பியை ஆறு கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து ஓடம் எடுக்கும்போதெல்லாம் வெறும் பலகையைப் பார்த்து, "தம்பி, ஏறிக்கோ" என்பார். சேந்தன் சொன்னான். பல்லி சத்தம் போட்டது. சபை அழுதது.

சால்வையைப் போர்த்திவிட்டு மகாராஜா கேட்டார்: "சேந்தா, இந்தக் கதை உனக்கு எங்கேயிருந்து வருது?"

"தானா வருது மகாராஜா."

மறுநாள் மாரப்பன் வெறும் பலகையைப் பார்க்கவே இல்லை. பொங்கி ஓடும் ஆற்றிலும் சீட்டியடித்துக்கொண்டு ஓடத்தை இறக்கினார். ஏறினவர்கள் கரைசேர்ந்தது தெய்வாதீனம். சேந்தன் கரையில் நின்று பார்த்தான். பிறகு மூட்டை தூக்கப் போய்விட்டான்.

இரண்டாவது மாதம் பூக்காரி தாயம்மாளின் கதை. கப்பலேறிப் போனவனுக்காகத் தினமும் ஒரு முழம் மல்லிகையை விற்காமல் வைத்திருந்து, சாயங்காலம் கடலில் விடுவாள். சேந்தன் சொன்னான். பல்லி சத்தம் போட்டது. சபை அழுதது.

"சேந்தா, இந்தக் கதை உனக்கு எங்கேயிருந்து வருது?"

"தானா வருது மகாராஜா."

மறுநாள் தாயம்மாள் அந்த ஒரு முழத்தையும் விற்றாள். "இத்தனை நாளும் ஏன் கடலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன்? கண்ணெல்லாம் கூசுது" என்று பலகையைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். சேந்தன் அவளிடமே பூ வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து போனான்.

மூன்றாவது மாதம் பிறக்கும் முன்பே ஊரெல்லாம் பேச்சு. இந்த முறையும் ஜெயித்தால் சேந்தன்தான் ஆஸ்தானக் கதைசொல்லி.

"புதுசா ஒண்ணும் இல்ல சேந்தா" என்றது பல்லி. "உன் வீட்டுச் சுவர்ல ஒண்ணு இருக்கு. அதைவிட நல்லது இந்த ராஜ்யத்துலயே இல்ல."

சேந்தனுக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். பிறகு நினைத்தான்: வெள்ளச்சி இனி அழ மாட்டாள். அவளுக்கும் நல்லதுதானே. அப்படித்தான் நினைத்தான். அந்த நினைப்புக்குப் பக்கத்திலேயே ஆஸ்தானப் பதவியும் இருந்தது. அதை நினைக்காத மாதிரி நினைத்தான்.

சபையில் அன்று அவன் சொன்னதுபோல் யாரும் சொன்னதில்லை. நெய் மணக்க மணக்கக் குட்டித் தோசை என்றான். கடைசி மூச்சில் மகள் தன் மடியில் தலைவைத்து, "அப்பா, ஒரு கதை சொல்லு" என்று கேட்டாள் என்றான். பல்லி சத்தம் போட்டது. சபை தேம்பியது. தேம்பல் எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று அவன் மனசு குறித்துவைத்துக்கொண்டது.

"சேந்தா, இந்தக் கதை உனக்கு எங்கேயிருந்து வருது?"

"தானா வருது மகாராஜா."

மறுநாள் காலை, பட்டுச் சால்வையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்த சேந்தன் சத்தத்தைக் கேட்டான்.

சொய்ங்... சொய்ங்...

காத்திருந்தான். அடுத்துக் கேட்டது, சட்டியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.

எழுந்து அடுப்படிக்கு வந்தான். "வெள்ளச்சி, அவ்வளவுதானா?"

"ரெண்டு பேருக்கு ரெண்டு போதாதா? இன்னும் யார் இருக்கா நம்ம வீட்ல?" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. மதில்மேல் காக்கை வந்து கத்தியது. "இந்தக் காக்கா ஏன் இங்கயே வந்து கத்துது? சூ, போ" என்று கையை வீசினாள்.

காக்கை போகவில்லை. சேந்தன் தோசைத் தட்டைத் தள்ளிவைத்தான். மகளை நினைக்க அந்த வீட்டில் இனி அவன் ஒருவன்தான். அவனுக்கோ, சபையில் சொன்ன மகள்தான் ஞாபகத்துக்கு வந்தாள்.

ஓடினான் மண்டபத்துக்கு. "திருப்பிக் குடு பல்லி. சால்வையை வச்சுக்கோ, ஆஸ்தானத்தை வச்சுக்கோ."

பல்லி பொன் கண்ணை உருட்டியது. "போன கதை திரும்ப ஒரே வழி. நீ சொன்னதைக் கேட்டு உரியவங்களே 'பொய்'னு சொல்லணும். மறந்தவங்க எப்படிச் சொல்லுவாங்க? ச்சு ச்சு. நானும் உன்னை மாதிரி சால்வை வாங்கினவன்தான் சேந்தா. என் வீட்டுக்காரிகிட்ட மூணு வருஷம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில சுவரோட ஒட்டிக்கிட்டேன். உன் முதுகைத் தடவிப் பாரு."

தடவினான். தோல் சொரசொரத்தது.

வீட்டுக்கு வந்து வெள்ளச்சியை உட்காரவைத்துக் கதையைச் சொன்னான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பாவம், யார் பெத்த பிள்ளையோ. நல்லா சொல்றீங்க. நிஜமா நடந்த மாதிரியே இருக்கு."

பெட்டியிலிருந்து செவந்தியின் கொலுசை எடுத்துக் கையில் கொடுத்தான். "யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்களா? தேடுவாங்களே, கொண்டுபோய்க் குடுத்துடுங்க" என்றாள்.

மூன்றாவதாக அவனுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. தானே அடுப்பைப் பற்றவைத்தான். கல்லைப் போட்டான். மாவை ஊற்றினான். பாதி கல்லோடு ஒட்டியது, பாதி கிழிந்தது.

"நகருங்க. மூட்டை தூக்குற கையி" என்று வெள்ளச்சி சிரித்தாள்.

அவன் நகரவில்லை. சட்டியை வழித்துக் கொஞ்சூண்டு மாவை உள்ளங்கை அளவுக்கு ஊற்றினான். சுய் என்றது. சபையில் சொன்னபடியே நெய்ச் சொம்பைக் கவிழ்க்கப் போனான்.

"அதுல நெய் ஊத்தாதீங்க" என்று அவன் கையைப் பிடித்தாள் வெள்ளச்சி. "அவளுக்கு நெய் வாசம் ஆகாது. குமட்டும்."

அடுப்பில் சுள்ளி மட்டும் வெடித்தது.

"யாருக்கு?" என்றான் சேந்தன்.

வெள்ளச்சி தன் கையையே பார்த்தாள். தோசையைப் பார்த்தாள்.

"நெய் மணக்க மணக்கன்னு சபையில சொன்னேன்" என்றான்.

"பொய்" என்றாள் மெதுவாக. "வேற என்ன சொன்னீங்க?"

"கடைசியா என் மடியில தலை வச்சு... ஒரு கதை சொல்லுன்னு கேட்டாள்னு..."

"பொய்." இப்போது குரல் நிமிர்ந்திருந்தது. "செவந்தி தலை என் மடியில இருந்துச்சு. அவ ஒண்ணுமே கேக்கல. வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. நீங்க மண்டபத்துல இருந்தீங்க."

அடுப்படிச் சுவரிலிருந்து பொத்தென்று ஒரு வால் விழுந்து துடித்தது. பொன் கண் பல்லி வாயைத் திறந்தது. திட்ட வந்ததோ, கெஞ்ச வந்ததோ தெரியாது. ச்சு ச்சு என்பதைத் தவிர ஒரு சொல்லும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. நீங்களே உங்கள் வீட்டில் கேட்டுப்பாருங்கள், உச்சுக் கொட்டிக்கொண்டுதான் இருக்கும்.

வெள்ளச்சி அழுதாள். மகள் அன்றைக்குத்தான் செத்ததுபோல் அழுதாள். அவளைத் தொட சேந்தனுக்குக் கை வரவில்லை.

"ஊருக்கெல்லாம் என் பிள்ளையைக் குடுத்தீங்க. சரி, போகுது" என்றாள் கடைசியில். "எங்கிட்ட இருந்து ஏன் எடுத்தீங்க?"

சேந்தன் கொலுசை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான்.

அப்புறம் அவன் மாரப்பனின் ஓடத்தில் ஏறி உட்கார்ந்து, அவர் துடுப்பைப் பிடித்து, தப்புத் தப்பாகப் போட்டான். "ஏண்டா, அந்தச் சுழி பக்கமா போடுவாங்க? அங்கதானே என் தம்பி..." என்று மாரப்பன் நிறுத்தினார். சேந்தன் சபையில் சொன்னதைச் சொன்னான். "பொய். அவன் அக்கரையில நிக்கல, நீந்தி வந்தான்" என்றார். அழுதுவிட்டு ஓர் அறையும் கொடுத்தார். அன்றிலிருந்து வெள்ளம் வந்தால் ஓடத்தை இறக்காமல் கட்டிப்போட்டார். தாயம்மாளிடம் மல்லிகையைப் பிடி தளரத் தொடுத்துக் காட்டினான். "இப்படியா? அலை ரெண்டு தட்டு தட்டினா பிரிஞ்சிடும்" என்று பிடுங்கியவள், அவன் சபையில் சொன்னதைக் கேட்டதும், "பொய். விக்காம மிச்சம் வச்சது இல்ல, அவருக்குன்னே தொடுத்தது" என்றாள். பிறகு அவன் நாலு தலைமுறையையும் இழுத்துத் திட்டிவிட்டுப் பலகையைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். சேந்தனின் முதுகுச் சொரசொரப்பு உதிர்ந்துவிட்டது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் தெரியவில்லை.

மாதப் பிறப்பு வந்தது. சேந்தன் சால்வை மூன்றையும் மகாராஜாவின் காலடியில் வைத்தான்.

"என்ன சேந்தா, கதை வரலையா?"

"முன்னாடியும் தானா வரல மகாராஜா. மாரப்பன் அண்ணன்கிட்ட இருந்து வந்துச்சு. தாயம்மாகிட்ட இருந்து வந்துச்சு. கடைசிக் கதை என் வீட்டுக்காரிகிட்ட இருந்து வந்துச்சு. கேக்காம எடுத்தேன். அவங்கவங்ககிட்டயே குடுத்துட்டேன்."

சுவரில் ஒரு பல்லி உச்சுக் கொட்டியது. மகாராஜா அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அழுதது நானும்தான். யாருடைய கண்ணீர்னு நான் ஒருநாளும் கேக்கலையே" என்றார். அன்றிலிருந்து அந்த மண்டபத்தில் யாரும் பல்லியைப் பார்ப்பதில்லை. கதைக்கு உரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு வந்தால் திருத்தி, கடைசியில் 'ஆமாம்' என்றால்தான் சால்வை. அதுவும் உரியவருக்கு. கொஞ்சகாலம் போன பிறகு மாரப்பனே வந்து சேந்தன் தோளைத் தட்டி, "நான் பக்கத்துல உக்காந்துக்கறேன், நீ சொல்லுடா" என்றார் என்பார்கள்.

வெள்ளச்சி வரவில்லை. அவன் கூப்பிடவும் இல்லை. பல நாள் அவள் அவனோடு பேசவில்லை. அவன் மூட்டையை இறக்கியதும் நேராக வீட்டுக்கு வந்தான். தண்ணீர் எடுத்தான், சுள்ளி ஒடித்தான், அவள் மாவாட்டும்போது குழவியை ஒரு கை பிடித்தான். அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஆனால் போகச் சொல்லவில்லை.

ஒருநாள் விடிகாலையில் அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

சொய்ங்... சொய்ங்...

தலையைக் குனிந்துகொண்டான். அந்த மூன்றாவது சத்தத்தைக் கேட்கிற யோக்கியதை தனக்கு உண்டா என்று அவனுக்குத் தெரியவில்லை.

சுய்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளச்சி வாசலுக்கு வந்தாள். கையில் குட்டித் தோசை. நெய் இல்லாதது.

"காக்கா வந்துடுச்சு. கொண்டுபோய் வைங்க" என்றாள்.

அவன் இரண்டு கையாலும் வாங்கி மதிலுக்கு நடந்தான். அவள் உள்ளே போய், நாளைக்கு வேண்டிய அரிசியைக் களைந்து ஊறப்போட்டாள்.