சென்சார் மாற்றிய வண்டி

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடனுக்கு ஐம்பத்தொன்று. திசையன்விளை சாலையில் இருக்கும் அந்த ஒர்க்ஷாப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் ஆளை மாற்றித்தான் வணக்கம் வைப்பார்கள். சீடன் இஸ்ரவேல் உடனே உள்ளே கை காட்டிவிடுவார். அங்கே ஏதாவது ஒரு வண்டிக்கு அடியிலிருந்து குரு ஜெபக்கனியின் இரண்டு கால்கள் மட்டும் தெரியும்.

இஸ்ரவேல் சவூதியில், தம்மாமில் இருபத்திரண்டு வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவர். ஊரோடு வந்து ஆறு மாதம் ஆகிறது. வீட்டில் பொழுது நகர மாட்டேன் என்றதால் வேலை பழக வந்தார். வேலையெல்லாம் சுத்தமாகச் செய்வார். பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது.

அன்று காலை ஒரு டீச்சரின் காருக்கு சென்சார் மாற்றினார். எஞ்சினுக்குக் காற்று போகிற வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்று வண்டிக்குச் சொல்கிற சென்சார் அது. ஒழுங்காகத்தான் மாட்டினார். ஆனால் சாவியைத் திருப்பினால் வண்டி உறுமும். நாலு எண்ணுவதற்குள் அணைந்துவிடும். ஆக்சிலேட்டரை மிதித்தார். மிதிக்கிறவரை கத்தியது, விட்டதும் செத்தது. பேட்டரியைப் பார்த்தார், ஃபியூஸைப் பார்த்தார், ஒயரைக் கழற்றித் திரும்பச் சொருகினார். மறுபடி சாவி, மறுபடி மிதி. மதியம்வரை இதே கூத்து.

நடுவில் விசா ஏஜெண்ட் போன் செய்தான். தம்மாமில் பழைய வேலையே, இன்னும் இரண்டு வருடத்துக்கு.

“சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க அண்ணாச்சி. இல்லைன்னா வேற ஆளுக்குக் குடுத்திருவேன்.”

“சொல்லுதேன்” என்று வைத்தார். பிறகு, பக்கத்து வண்டிக்கு அடியில் தெரிந்த கால்களிடம் சொன்னார்.

“புதுசு சரியில்லம்மா. கழட்டிக் கடையில குடுத்துட்டு, பழசையே மாட்டிருவோம்.”

“பழசு செத்து எத்தனை நாளாச்சாம்?”

“ரெண்டு வருசம் இருக்கும்னு டீச்சர் சொன்னாவ.”

“ரெண்டு வருசமும் வண்டி ஓடிச்சா?”

“எப்படியோ ஓட்டியிருக்காவ.”

வண்டியைப் பற்றி ஏதோ கேட்க வந்த இஸ்ரவேல் வேறொன்றைக் கேட்டார்.

“நான் திரும்பத் தம்மாமுக்கே போயிரட்டுமாம்மா?”

ஜெபக்கனி வெளியே வந்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, டீச்சரின் காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“ஏறுங்க அண்ணாச்சி. சாவியை ஆன்ல வையுங்க. ஸ்டார்ட் பண்ணாதீங்க.”

வைத்தார்.

“ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க.”

எடுத்தார்.

“இனி என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யக் கூடாது. வண்டி புதுசைப் படிச்சுக்கிடட்டும்.”

இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சும்மா இருப்பது இஸ்ரவேலுக்குப் பெரும்பாடு. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“வந்த வாரமே அடுப்பு மேடையை இடிச்சு உசரமாக் கட்டிக் குடுத்தேன். வீட்டு முத்தத்துல நின்ன முருங்கையை வெட்டிட்டு ஷீட்டு போட்டேன். பையன் பாக்கதெல்லாம் ஒரு வேலையான்னு, வேற எடத்துல பேசி வச்சேன். ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லல. நான் உள்ள போனா, தாயும் மகனும் பேசுத பேச்சு நின்னுபோவுது.”

“கால்” என்றாள் ஜெபக்கனி.

குனிந்து பார்த்தார். கால் எப்போது ஆக்சிலேட்டருக்குப் போனதென்று அவருக்கே தெரியவில்லை. எடுத்துக்கொண்டார்.

“நேத்து மத்தியானம் சாப்பிட உக்காந்தோம். ஸ்டெல்லா ரெண்டு தட்டுதான் எடுத்தா.”

ஸ்டெல்லா அவர் மனைவி. தம்மாமில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு முடங்கிக் கிடந்த காலத்தில்கூட, நேற்று மத்தியானம்போல அவர் தனியாக இருந்ததில்லை.

“மூணாவது தட்டு?”

“பொறவு நாக்கைக் கடிச்சிக்கிட்டு, எடுக்க உள்ள ஓடினா.”

“நீங்க?”

“எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்.”

வெயில் கண்ணாடி வழியாக அவர் மடியில் விழுந்து கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஜெபக்கனி, “இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. கால் வேண்டாம்” என்றாள்.

எஞ்சின் உறுமியது. உடம்பெல்லாம் உதறியது. அப்படியே அமிழ்ந்து, இதோ சாகப்போகிறது என்கிற இடத்துக்கு வந்தது. இஸ்ரவேலின் கால் துள்ளியது. ஜெபக்கனி கையை நீட்டித் தடுத்தாள். வண்டி ஒருமுறை திணறி எழுந்தது, மறுபடி இறங்கியது, பிறகு நின்று நிதானமாக ஓட ஆரம்பித்தது.

அவர் மூச்சு விட்டார்.

“அப்ப புதுசு நல்லதுதானா?”

“நல்லதுதான். வண்டி இத்தனை நாளும் அது இல்லாமலே ஓடிப் பழகிருச்சு.”

போன் அடித்தது. ஏஜெண்ட்தான். இஸ்ரவேல் அதைக் கையில் எடுத்தார். ஓடிக்கொண்டிருந்த வண்டியை அப்படியே விட்டுவிட்டு, கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

“அண்ணாச்சி.”

திரும்பிப் பார்த்தார்.

“காலை எடுக்கத்தான் சொன்னேன். இறங்கிப் போகச் சொல்லல.”