அந்த இடத்தின் பெயர்

கண் பிரிவில் இருபது வருஷம் நர்ஸாக இருந்த பிலோமினா, தோல் பிரிவுக்கு மாற்றலாகி வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவருக்குப் பாடம் சொல்லித்தந்த டாக்டர் தாஜுன்னிசா, அவரைவிடப் பதினேழு வயது சின்னவர்.

உப்பளத்தில் வேலை செய்யும் மாரிக்கண்ணு அன்று காலை வந்தாள். திரைக்குப் பின்னால் அவளைப் பார்த்துவிட்டுப் பிலோமினா வெளியே வந்தார்.

"அந்த இடத்துல என்னமோ இருக்கு டாக்டர்."

"எந்த இடம்?"

பிலோமினா கண்ணாலேயே கீழே காட்டினார்.

"பேர் சொல்லாம நான் எங்கே போய்த் தேடுறது, சிஸ்டர்? பார்த்துட்டு வாங்க."

போனார். உடனே திரும்பி வந்தார்.

"பெண்குறியோட வெளி இதழ்ல, வலது பக்கம், ஒரு கட்டி. பார்க்கவே அசிங்கமா இருக்கு."

"அசிங்கம் என்ன நிறம்?"

பிலோமினாவுக்குக் காது சுட்டது. கண்ணில் விழுந்த தூசியைக்கூட அளவோடு எழுதிப் பழகியவர் அவர். இங்கே மட்டும் பார்வை நழுவிக்கொண்டே இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் முறை விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். கையுறை மாட்டி, "தொடட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தொட்டார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு வருஷமாச்சு. புத்துநோய்தான். மகளைப் பார்த்துக்கிடச் சொல்லித் தங்கச்சிகிட்டச் சொல்லிட்டேன்."

"நீ இதைப் பார்த்திருக்கியா?"

"அங்கே எப்படிம்மா பார்க்கிறது?"

பிலோமினா ஒரு கைக்கண்ணாடியைத் தேடிக் கொடுத்தார். மாரிக்கண்ணு முதலில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"இம்புட்டுத்தானா?"

பிலோமினா வெளியே வந்து நிதானமாகச் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு. பட்டாணி அளவு. வெளிர் மஞ்சள். தோலுக்கு அடியில உருண்டையா இருக்கு, தள்ளினா நகருது. மேலே புண் இல்ல, ரத்தம் இல்ல, வலியும் இல்ல. ஒரு வருஷமா வளரலைங்கிறா. தொடை இடுக்குல நெறி கட்டலை."

தாஜுன்னிசா எழுந்து உள்ளே போய்த் தானும் பார்த்தார்.

"சாதாரணத் தோல் கட்டிம்மா. புத்துநோய் இல்ல. தொந்தரவு பண்ணினா எடுத்துடலாம். வலிச்சாலோ பெருசானாலோ உடனே வாங்க."

மாரிக்கண்ணு அழுதாள். அழுதுகொண்டே தங்கச்சிக்குப் போன் போட்டாள்.

பிலோமினா தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கெட்ட கட்டியா இருந்திருந்தா, டாக்டர்?"

"அதுவும் இன்னைக்கே தெரிஞ்சிருக்கும், சிஸ்டர்."