பிடரியில் முள் இல்லாத முள்ளம்பன்றி

மூங்கிலும் நெல்லியும் அடர்ந்த மலைச்சரிவுக் காடு ஒன்று இருந்தது, குழந்தைகளே. அங்கே பெரிய பாறை ஒன்றின் அடியில் முன்வாசலும் பின்வாசலுமாக வளை தோண்டி ஒரு பெண் முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தது. அது நடந்தால் முதுகு முட்கள் ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கும். அதனால் காட்டு விலங்குகள் அதைச் சலங்கை என்றே அழைத்தன.

வயதான காலத்தில் சலங்கைக்கு ஒரு கவலை வந்தது. பிடரியிலிருந்த முட்கள் உதிரத் தொடங்கின. உதிர்ந்த இடத்தில் மறுபடி முளைக்கவில்லை. கொஞ்ச காலத்தில் பிடரி முழுக்க வழுக்கையாகிவிட்டது.

"ஐயோ, இதை யாராவது பார்த்துவிட்டால்?" என்று நினைத்தாலே அதற்கு உடம்பு கூசியது.

வேலமரத்தின் காய்ந்த முட்களைப் பொறுக்கி வந்தது. சேற்றைப் பூசி, அந்த முட்களை வழுக்கையில் ஒட்டிக்கொண்டது. மற்ற விலங்குகள் குளத்தைவிட்டுப் போன பிறகுதான் தண்ணீர் குடிக்கப் போனது. எதிரே முயல் வந்தால்கூடப் புதருக்குள் ஒதுங்கியது.

ஒருநாள் பெருமழை பெய்தது. வளை வாசலில் உடும்பு ஒன்று வந்து நின்றது. அதன் பெயர் பொந்தன். ஒன்றைப் பிடித்துவிட்டால் விடவே விடாது, அதுதான் அதன் குணம்.

"சலங்கை அக்கா, நனைந்து நடுங்குகிறேன். மழை விடும்வரை ஓரமாக ஒதுங்கிக்கொள்ளட்டுமா?"

"வா தம்பி, அதற்கென்ன!" என்று சலங்கை நகர்ந்து இடம் கொடுத்தது.

நகர்ந்தபோது வளையின் கூரையில் பிடரி உரசியது. காய்ந்த சேறு பொலபொலவென்று உதிர்ந்தது. கூடவே வேலமுட்களும் விழுந்தன.

பொந்தன் ஒரு முள்ளை நாக்கால் தொட்டுப் பார்த்தது. "அக்கா, இது வேலமுள் அல்லவா?"

சலங்கை விழுந்த முட்களை அவசரமாகக் காலடியில் மறைத்தது.

"அட, பிடரி மொட்டையாக இருக்கிறதே! இந்தக் காட்டுச் சிறுத்தைக்கு இது தெரியுமா? முள் இல்லாத இடத்தில்தானே அது கடிக்கும்!"

"தம்பி, தம்பி! யாரிடமும் சொல்லிவிடாதே!"

"சொல்வேனா? நான் என்ன அப்படிப்பட்டவனா? மழைக்காலம் முடியும்வரை இங்கேயே இருந்துகொள்கிறேன். என்ன சொல்கிறாய்?"

சலங்கை வேறு வழியில்லாமல் தலையாட்டியது.

முதலில் வாசல் பக்கம் படுத்த பொந்தன், பிறகு கொஞ்சம் உள்ளே வந்தது. அப்புறம் சருகு பரப்பிய உள்ளறையைக் கேட்டது.

"அது நான் படுக்கும் இடம், தம்பி."

"நீ வாசலில் படேன். வேண்டாமா? சரி, சிறுத்தையைப் பார்த்து ஒரு வார்த்தை..."

சலங்கை வாசலுக்கு வந்தது. சில நாட்களில் அக்கா என்ற பேச்சே நின்றுபோனது.

"ஏ கிழவி! நீ விடும் குறட்டையில் எனக்குத் தூக்கம் கெடுகிறது. வெளியே போய் மரத்தடியில் படு!" என்று ஒரு பிற்பகலில் உள்ளேயிருந்து அதட்டியது பொந்தன்.

சலங்கை வெளியே வந்து மரத்தடியில் குந்தியது. தூறல் விழுந்து, பிடரியில் மறுபடி பூசியிருந்த சேறு கழுத்து வழியே வழிந்தது. தான் தோண்டிய வளையையே அது பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை வேர்களைக் கடித்து, எத்தனை கற்களைப் புரட்டித் தோண்டிய வளை! அதில் இன்று எவனோ கால் நீட்டிப் படுத்திருக்கிறான்.

பொந்தன்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

"சிறுத்தையிடம் சொல்வானாம்! அவன் என்ன சொல்வது, நானே போய்ச் சொல்கிறேன். அப்புறம் எதைச் சொல்லி என்னை மிரட்டுவான்?"

பாறையில் பிடரியைத் தேய் தேய் என்று தேய்த்தது. ஒட்டியிருந்த வேலமுட்கள் எல்லாம் விழுந்தன. நிமிர்ந்து, குளத்தை நோக்கி நடந்தது.

பொழுது சாயும் நேரம். மான்களும் காட்டுப்பன்றிகளும் முயல்களும் இக்கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அக்கரையில் சிறுத்தை தன் காலை நக்கிக்கொண்டு படுத்திருந்தது. சலசல என்ற ஓசை கேட்டு எல்லாம் திரும்பின.

சலங்கை கரையிலிருந்த ஒரு பாறைமேல் ஏறியது. எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னது:

"எல்லோரும் என்னை நன்றாகப் பாருங்கள்! நான்தான் சலங்கை. எனக்கு வயதாகிவிட்டது. என் பிடரி வழுக்கை. இத்தனை நாளும் வேலமுள்ளை ஒட்டிக்கொண்டு திரிந்தேன். இனி ஒட்டமாட்டேன். என் மூஞ்சி மயிர் நரைத்துவிட்டது. இடது கண்ணில் பனி மூடியதுபோல இருக்கிறது. முன்பல் உடைந்துவிட்டது, அதனால் பட்டை கடிப்பதை விட்டுவிட்டேன். கீழே விழுந்து கனிந்த பழம்தான் தின்கிறேன், அதுவும் நெடுநேரம் மென்று தின்கிறேன். எழுந்திருக்கும்போது இடுப்பில் சத்தம் வருகிறது. எனக்கு நானே பேசிக்கொள்கிறேன், பதிலும் சொல்லிக்கொள்கிறேன். குறட்டை விடுகிறேன். இதுதான் நான்!"

ஒரு மான்குட்டி களுக்கென்று சிரித்தது. கிழட்டுக் காட்டுப்பன்றி ஒன்று தலை நிமிர்ந்து, "எனக்கும் இடுப்பில் சத்தம் வருகிறது, சலங்கை. வெளியே சொல்லத்தான் வெட்கம்!" என்றது.

அப்போது புதரை விலக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தது பொந்தன். கிழவி எங்கே போகிறாள் என்று பார்க்கத் தாமதமாகக் கிளம்பி வந்த அதன் காதில் சலங்கை பேசியது எதுவும் விழவில்லை. கூட்டத்தைக் கண்டதும், இனியும் பொறுத்தால் பிடி நழுவிவிடும் என்று அதற்குத் தோன்றியது.

"கேளுங்கள், கேளுங்கள்! ஒரு பெரிய இரகசியம்! இந்தக் கிழவியின் பிடரியில் ஒரு முள்கூடக் கிடையாது!"

"அதை இப்போதுதான் சொன்னாள்," என்றது ஒரு முயல்.

"அவளுடைய முன்பல்கூட..."

"உடைந்துவிட்டது. அதையும் சொன்னாள்."

"குறட்டை! குறட்டை விடுவாள்!"

"புதிதாக ஏதாவது இருந்தால் சொல்லப்பா," என்றது காட்டுப்பன்றி. குளக்கரை முழுதும் சிரித்தது. பொந்தன் புதர்ப் பக்கம் ஒதுங்கிக்கொண்டது.

ஆனால் சிறுத்தை சிரிக்கவில்லை. எழுந்து, குளத்தைச் சுற்றிக்கொண்டு மெல்ல வந்தது. மான்கள் சிதறி ஓடின.

"பிடரி வழுக்கை என்றாய். சொன்னதற்கு நன்றி. எங்கே கடிப்பது என்று இனி நான் தேட வேண்டாம்," என்றது சிறுத்தை.

சலங்கை இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"இன்னும் நான் சொல்லி முடிக்கவில்லையே! என்னிடம் இல்லாததைச் சொன்னேன். இருப்பதையும் கேட்டுக்கொள். இப்போதெல்லாம் நான் ஓடுவதில்லை. என்னைப் பிடிக்க யாராவது வந்தால், தலையையும் பிடரியையும் பாறை இடுக்கில் செருகிக்கொண்டு, பின்பக்கத்தை வெளியே காட்டுவேன். பின்பக்கத்து முட்களில் ஒன்றுகூட உதிரவில்லை. வயதாக ஆகத் தடித்துத்தான் போயிருக்கின்றன. உன் மூக்கில் இரண்டு ஏறினால் போதும், மழைக்காலம் முழுக்க நீ இரை தின்ன முடியாது."

சொன்னபடியே பாறை இடுக்கில் தலையைச் செருகிக்கொண்டு முட்களை விரித்து உலுக்கியது. தடித்த முட்கள் கடகடவென்று மோதின.

சிறுத்தை நின்றது. "இத்தனை குறையையும் தானே சொன்னவள் இதில் மட்டுமா பொய் சொல்வாள்?" என்று யோசித்தது. மூக்கை ஒருமுறை நக்கிக்கொண்டது.

"எனக்கு இன்று பசியில்லை," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது.

சலங்கை இடுக்கிலிருந்து தலையை எடுத்தபோது பொந்தனைக் காணவில்லை. அது அதற்குள் வளைக்கு ஓடிவிட்டது. சலங்கை போய்ச் சேர்ந்தபோது, உள்ளறைச் சுவரை நகங்களால் இறுகப் பற்றிக்கொண்டிருந்தது.

"நான் வெளியே வரமாட்டேன்! இது இப்போது என் இடம்!"

சலங்கை திரும்பி நின்று, முட்களை விரித்து, பின்பக்கமாகவே வளைக்குள் நுழைந்தது. கடகட ஓசை உள்ளே நெருங்க நெருங்க, பொந்தனின் பிடி தளர்ந்தது. பிடித்ததை விடாத அந்த உடும்பு அன்று முதன்முறையாகப் பிடியை விட்டது. பின்வாசல் வழியே விழுந்தடித்து வெளியே ஓடியது.

மழை மறுபடி வலுத்தது. பொந்தன் நனைந்துகொண்டே நின்று, "வயதான காலத்தில் இவ்வளவு திமிர் ஆகாது, கிழவி!" என்று கத்தியது.

"வயதான காலத்தில்தான் எனக்கு இது வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது!" என்று உள்ளேயிருந்து சொன்னது சலங்கை. சொல்லிவிட்டு, உள்ளறையின் நட்டநடுவில் கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டது.

நீதி: தன் குறையைத் தானே துணிந்து சொல்பவரை, அந்தக் குறையைக் காட்டி எவராலும் மிரட்ட முடியாது.