ஏட்டய்யா கேட்ட காவி

தணிகாசலம் போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு வயது. அவருடைய குரு சாமியம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மனிதர் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷமாக ஆசிரமத்து மாட்டுக்கொட்டகையே கதியென்று கிடந்தார்.

ஒரு நாள் காலை, பழைய காக்கிச் சட்டை ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அம்மா, இதை அடுப்புல போட்டுடறேன். எனக்குக் காவி குடுங்க."

"காக்கின்னா என்ன அர்த்தம், ஏட்டய்யா?"

"இதென்ன கேள்வி? போலீசுதான்."

சாமியம்மா சிரித்துவிட்டார். "அது பின்னால வந்தது. பாரசீக மொழியில காக்குன்னா மண்ணு, தூசி. வெள்ளை உடுப்பு அழுக்காகுதுன்னு சிப்பாய்ங்களுக்கு மண்ணு நிறத்துல சாயம் ஏத்தினாங்க. அந்தப் பேரே நின்னுடுச்சு. சரி, காவியை எப்படி ஏத்துவாங்க?"

"காவிக்கல்லை உரசிக் கரைச்சு, துணியை முக்கி எடுக்கணும்."

"அந்தக் கல்லு எங்கே கிடைக்குது?"

தணிகாசலம் கொஞ்சம் யோசித்தார். "மண்ணுலதான்."

"அந்த மண்ணைக் கழட்டிட்டு இந்த மண்ணைக் கட்டிக்க அப்படி என்ன அவசரம்?"

ஏட்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அவசரந்தாம்மா! இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் மாசிலாமணியை அடிச்சேன். பம்புசெட்டு மோட்டாரைத் திருடிட்டார்னு. மூணாம் நாள் வேற ஒருத்தன் மாட்டினான். அவருக்கு வலது கை விரல் ரெண்டு இன்னிக்கும் மடங்காது. நான் செஞ்ச பாவம் என்னைத் தூங்க விடமாட்டேங்குது." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

சாமியம்மா தடுக்கவில்லை. அவர் மூக்கைத் துடைத்துக்கொள்ளும்வரை காத்திருந்தார். பிறகு சட்டையை வாங்கி, உதறி, மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"மாசிலாமணி இப்ப எங்கே இருக்கார்?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. சைக்கிள்ல போனா அரை மணி நேரம்."

"போயிருக்கீங்களா?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டும்மா போவேன்?"

"இந்த மூஞ்சியோடயே போங்க. அவர் வீட்டு வாசல் மண்ணுல ஒரு பிடி வேணும்னு அவர்கிட்டயே கேளுங்க. குடுத்தார்னா எடுத்துட்டு வாங்க. அதைக் கரைச்சு உங்க வேட்டியை முக்கித் தர்றேன்."