மூலைப் பலகைக்குப் பின்னால் ஒரு முழம்

முன்னொரு காலத்தில், மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த ஒரு நாட்டைச் சண்டப்பிரதாபன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்கு இருபத்தேழு பட்டங்கள். அவற்றைச் சொல்லி முடிப்பதற்குள் கட்டியக்காரன் இரண்டு தடவை தண்ணீர் குடிப்பான். அரசனுக்குக் குறை ஒன்றே ஒன்றுதான். அவனுடைய கொலுமண்டபத்துச் சுவர் கோணல்.

அது அவன் பாட்டனார் தம் கையாலேயே கட்டிய சுவர். நடுவில் வயிறு தள்ளி, மூலையில் உள்வாங்கி, பார்ப்பவருக்குத் தலைசுற்றும்படி நிற்கும். பாட்டனார் அந்தச் சுவரடியில்தான் ஓர் உச்சிப்பொழுதில் உயிரை விட்டார். அதனால் அதை இடிக்க யாருக்கும் துணிவில்லை. கோணல் என்று வாய்விட்டுச் சொல்லவும் துணிவில்லை.

ஒரு நாள் அயல்நாட்டுத் தூதர் வந்தார். இருபத்தேழு பட்டங்களையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சுவரைப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தார். லேசாகப் புன்னகை செய்தார். அவ்வளவுதான். அரசனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆணை பிறந்தது. "சுவர் முழுவதும் தேக்குப் பலகை பதித்துத் தாமரையும் யாளியும் செதுக்க வேண்டும். பலகை நூல் பிடித்தாற்போல் நேராக நிற்க வேண்டும். சுவரோடு ஒட்டியும் நிற்க வேண்டும். நடுவே எறும்பு புகவும் இடம் இருக்கலாகாது!"

தச்சர் கும்பலிங்க ஆசாரி வந்தார். சுவரின் வயிற்றை உரசும்படி நீளவாக்கில் ஒரு நூலை இழுத்துக் கட்டினார். மூலையில் நூலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

"சாமி, செவுரு கோணலா நிக்குது. பலகை நேரா நிக்கணும்னா செவுரை விட்டு விலகணும். செவுரோட ஒட்டணும்னா பலகையும் கோணும். ரெண்டுல எதுன்னு சொல்லிடுங்க" என்றார்.

தலைமை அமைச்சரான பிரதானி அகோரநாதர் எழுந்தார். "மன்னரின் பாட்டனார் எழுப்பிய சுவரா கோணல்? கோணியிருப்பது உன் நூல்!" என்று முழங்கிவிட்டு, அங்கேயே ஓர் ஓலை எழுதினார். 'கொலுமண்டபத்துச் சுவர் நேரானது. அதற்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி இல்லை. உண்டு என்பவன் தலை உருளும்.' அரசன் மகிழ்ந்து முத்திரை வைத்தான்.

ஆசாரி நூலைச் சுருட்டத் தொடங்கினார். அவர் பக்கத்தில் வந்து நின்றான் அரசனைச் சிரிக்கவைக்கும் விகடன் ஊமையப்பன். நாலு வயதுவரை வாய் திறக்காததால் பெற்றவர்கள் வைத்த பெயர் அது. அதற்குப் பிறகு அவன் வாயை மூடியதே இல்லை.

"ஆசாரியாரே, நூலை எதற்குச் சுருட்டுகிறீர்? மரச்சட்டம் அடித்துப் பலகையை நேராக நிறுத்தும். இடைவெளி இல்லை என்று ஓலையே சொல்லிவிட்டது. ஓலையை மீறி எறும்பு எப்படி உள்ளே போகும்?"

அப்படியே செய்தார் ஆசாரி. மேல்விளிம்புச் சட்டம் மட்டும் பாக்கி. பலகைகள் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றன. அரசன் பூரித்துப்போய், தன் அருகே இதுவரை பிரதானி உட்கார்ந்திருந்த மூலையோர இருக்கையை ஊமையப்பனுக்குக் கொடுத்தான். பிரதானியும் சிரித்துக்கொண்டே எழுந்து இடம் விட்டார். அவர் சிரிப்பைப் பார்த்த பல்லி ஒன்று உத்திரத்துக்குள் ஒளிந்துகொண்டது.

பத்தாம் நாள். வெயில் உச்சிக்கு ஏறியது. தெருவில் காக்கை குரல்கூட இல்லை. மண்டபத்து மூலையில், பலகைக்கு உள்ளே, யாரோ விரலை மடக்கித் தட்டினார்கள்.

டொக். டொக்.

காற்றே இல்லாத மண்டபத்தில் குத்துவிளக்கின் சுடர் பலகைப் பக்கமாகச் சாய்ந்தது.

"பேரனே..." என்றது ஒரு மெல்லிய மூக்குக்குரல். "என் சுவரில் ஆணி அடித்தவன் தச்சன். அடிக்கச் சொன்னவன் விகடன். இருவர் தலையும் எனக்கு வேண்டும். நாளை உச்சியில் வந்து கேட்பேன்."

குரல் நின்றது. அரசனின் மீசை தொங்கிப்போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, அடியாழத்திலிருந்து கல் உரசுவதுபோல் இன்னும் சில சொற்கள் வந்தன.

"கோணல்தான்... என் கைக்கோணல்... மூடாதே..."

சுடர் நிமிர்ந்தது.

"பெரியவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். கொடுப்பதே பேரனுக்குக் கடமை" என்றார் பிரதானி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அரசன் ஊமையப்பனைப் பார்க்காமலே, "நாளை உச்சியில்" என்றான்.

ஊமையப்பன் பலகை இடுக்கில் மூக்கை வைத்து மோந்தான். ஜவ்வாது வாசனை. அரண்மனையில் ஜவ்வாதிலேயே குளிப்பவன் ஒருவன்தான். பிரதானியின் மைத்துனன் சுந்தரபாகு. வெற்றிலைக் காம்புபோல் ஒல்லியானவன். அன்று காலையிலிருந்து அவனைச் சபையில் காணவில்லை.

மறுநாள் உச்சிக்குச் சற்று முன், ஊமையப்பன் கழுத்தில் மாலையோடு வந்து வணங்கினான்.

"அரசே, சாகும் முன் ஒரு விண்ணப்பம். சுவருக்குள் பேய் குடியிருக்கிறது என்று ஊரார் பேசுகிறார்கள். குடியிருக்க இடம் வேண்டுமே? தங்கள் முத்திரை ஓலையோ இடமே இல்லை என்கிறது. ஓலை பொய் என்று நாளைக்கு எவனும் சொல்லக்கூடாது. மேல்விளிம்பு வழியாகக் கொஞ்சம் ஆற்றுமணல் கொட்டிப் பார்க்கிறேன். இடைவெளி இல்லையென்றால் மணல் மேலேயே நின்றுவிடும்."

அரசன் தலையசைத்தான். பிரதானி வாயைத் திறந்தார், மூடினார்.

பலகைக்குள் டொக் என்றது. "பேரனே..."

"கொட்டுங்கள்!" என்றான் ஊமையப்பன்.

ஏணிமேல் நின்ற ஆசாரி முதல் கூடையைக் கவிழ்த்தார். சர்ர்ரென்று பாம்பு இறங்குவதுபோல் மணல் உள்ளே இறங்கியது. குரல் நின்றது. இரண்டாவது கூடை. மூன்றாவது.

"போதும்!" என்றார் பிரதானி.

"ஏன் சுவாமி? உள்ளே இடைவெளி ஏதும் இருக்கிறதா?"

பிரதானி கையில் இருந்த ஓலையைப் பார்த்தார். உண்டு என்றால் தன் தலை. இல்லை என்றால் மைத்துனன் தலை. ஒரு மூச்சு நேரம்தான் யோசித்தார்.

"இல்லை" என்றார்.

ஐந்தாவது கூடை இறங்கியது. ஏழாவது. பலகையை உள்ளிருந்து நகங்கள் பிறாண்டின. பிரதானியின் நெற்றி விபூதியை வியர்வை கரைத்தது. அவர் வாய் திறக்கவில்லை.

எட்டாவது கூடையில் பாட்டனாரே வாய் திறந்தார்.

"அத்தான்! இடுப்புக்கு வந்துடுச்சு அத்தான்! ஏதாவது சொல்லுங்க!"

ஊமையப்பன் கைகூப்பினான். "அரசே, தங்கள் பாட்டனார் பிரதானியாரை அத்தான் என்கிறார். அப்படியானால் பிரதானியார் தங்களுக்கு என்ன முறை ஆக வேண்டும்?"

அரசன் விழித்தான். மீசை மெல்ல நிமிர்ந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சபையும், எதற்கென்று புரியும் முன்பே, சிரித்தது.

ஆசாரி மூலைப் பலகையைப் பெயர்த்தார். மணலோடு சரிந்து விழுந்தான் சுந்தரபாகு.

"பிரதானியாரே, இடைவெளி உண்டு என்று நீர் கடைசிவரை சொல்லவில்லை. ஆகவே உம் தலை தப்பியது. அந்தத் தலையில் இந்த மணலைச் சுமந்துபோய் ஆற்றில் கொட்டும்" என்றான் அரசன். ஓலையைக் கிழித்து எறிந்தான். ஆசாரிக்குப் பட்டும் வெள்ளிப்பூண் போட்ட உளியும் கொடுத்தான்.

ஊமையப்பன் குனிந்து சுந்தரபாகுவைத் தூக்கிவிட்டான். "நேற்றுக் குரலை மாற்றிக் கடைசியில் சொன்னாயே, கைக்கோணல் என்று. அது நன்றாக இருந்ததடா."

சுந்தரபாகுவின் பல் அடித்துக்கொண்டது. "அண்ணே, நாளைக்கு வந்து கேட்பேன்னதோட நான் நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் பேசினது நான் இல்ல."

"பிறகு யார்?"

"தெரியல. என் காதுக்குப் பக்கத்துல கேட்டுச்சு. மூச்சு மட்டும் ஜில்லுனு பட்டுச்சு."

ஊமையப்பன் திறந்த மூலையைப் பார்த்தான். வெறும் செங்கல். அதில் ஆழமாக ஒரு கைத்தடம் பதிந்திருந்தது, ஈரச் சுண்ணாம்பில் இப்போதுதான் அழுத்தியதுபோல்.

"ஊமையப்பா! வேண்டியதைக் கேள்" என்றான் அரசன்.

"அந்த மூலைப் பலகையை மறுபடி அடிக்க வேண்டாம், அரசே. திறந்தே இருக்கட்டும். என் இருக்கையையும் வாசற்பக்கமாகப் போட்டுவிடுங்கள்."

"என் அருகே இருக்கை வேண்டாம் என்கிற முதல் ஆள் நீதான்! ஏன்?"

நாலு வயதுக்குப் பிறகு முதல் தடவையாக ஊமையப்பன் பதில் சொல்லவில்லை.

அதுவும் ஒரு விகடம் என்று எண்ணி அரசன் விழுந்து விழுந்து சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான். சபை சிரித்து ஓய்ந்தது. அரசன் சிரித்து ஓய்ந்தான். அதற்குப் பிறகும் மூலையில் ஒரு சிரிப்பு மிச்சமிருந்தது. மெதுவாக, கல் உரசுவதுபோல், கொஞ்ச நேரம் கேட்டு அடங்கியது.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, 'கொலுமண்டபத்தில் எதிரொலி உண்டு' என்று உடனே ஓர் ஓலை எழுதி முத்திரை வைத்தார்கள்.