செவ்வரி விட்ட மூக்குச் சொட்டு

கோரைக் குளத்து மான் கூட்டத்துக்குச் செவ்வரி என்ற பெண்மானின் மூக்குதான் காவல். அவள் காற்றை மோந்து பார்த்து "இறங்கலாம்" என்றால், முதலில் அவளுடைய குட்டி மினுக்கி போய்த் தண்ணீரில் வாய் வைக்கும். தலைவியின் குட்டியே முதலில் குடித்தால்தான் மற்றவர்களுக்கு நம்பிக்கை. அது அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

அந்த ஆண்டு புல் பூத்ததும் செவ்வரிக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. மூக்கு ஒழுகியது, கண் அரித்தது. தும்மும் சத்தம் சிறுத்தைக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து, யாருக்கும் தெரியாமல், காட்டில் மருந்து கொடுக்கும் மரநாயிடம் போனாள்.

மரநாய் ஒரு நத்தை ஓட்டில் பச்சிலைச் சாறு பிழிந்து கொடுத்தது. "மூக்கில் இரண்டு சொட்டு விடு. மூன்று நாளோடு நிறுத்திவிடு. அதற்கு மேல் விட்டால் முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்" என்றது.

முதல் சொட்டிலேயே மூக்கு திறந்தது. நான்காம் நாள் லேசாக அடைத்தது. இன்னும் ஒரு சொட்டு விட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டாள். பிறகு காலையில் இரண்டு, மாலையில் நான்கு. சுகம் கண்டுவிட்டால் சொன்ன பேச்சு யார் காதில் ஏறும்? பத்தாம் நாள் மூக்கு அடியோடு அடைத்துவிட்டது. பெற்ற குட்டியின் வாசனைகூட அவளுக்குத் தெரியவில்லை.

மூக்கு போன தலைவியை யார் மதிப்பார்கள் என்று நினைத்துச் செவ்வரி அதை மறைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கூட்டம் குளக்கரையில் வந்து நின்றது. ஒரு தவளைகூடக் கத்தவில்லை. செவ்வரி மூக்கைத் தூக்கினாள். ஒன்றும் தெரியவில்லை. எல்லாக் கண்களும் அவள் மேலேயே இருந்தன. குளம்பைப் புல்லில் தேய்த்தாள்.

"இறங்கலாமா அக்கா?" என்று பக்கத்தில் நின்ற இளைய மான் தவிட்டி கேட்டாள்.

"இறங்கலாம்" என்று சொல்லிவிட்டாள் செவ்வரி.

மினுக்கி துள்ளிக்கொண்டு இறங்கியது. நான்கு அடி, ஐந்து அடி. அதற்கு மேல் தாயால் பொறுக்க முடியவில்லை.

"மினுக்கி, திரும்பி வா! எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை!" என்று அலறினாள்.

குட்டி திரும்பிய அதே நொடி கோரைக்குள்ளிருந்து சிறுத்தை பாய்ந்தது. பாய்ச்சல் தவறிச் சேற்றில் விழுந்தது. ஒரு நகம் மட்டும் குட்டியின் தொடையைக் கிழித்துவிட்டது. கூட்டம் சிதறி ஓடியது. மேட்டில் மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தபோது, மினுக்கி நொண்டிக்கொண்டே கடைசியாக வந்து சேர்ந்தது.

செவ்வரி நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை. தவிட்டிதான் குட்டியின் காயத்தைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினாள்.

"காலையிலேயே சொல்லியிருந்தால் நான் மோந்து பார்த்திருப்பேனே அக்கா."

சொன்ன நாளோடு மருந்தை நிறுத்தாதவர் தன் உடம்பைத்தான் கெடுத்துக்கொள்கிறார். அதை மறைப்பவரோ தன்னை நம்பியவர்களின் உயிரையும் பணயம் வைக்கிறார்.