ஆயிரம் அறைச் சத்திரம்

கடம்பராயர் சபையில் செங்கமலம் என்றொரு ரசவாதி இருந்தாள். ரசவாதி என்றதும் ஈயத்தைப் பொன்னாக்குகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்குப் பொன்மேல் ஆசையில்லை, ஓட்டைமேல்தான் ஆசை.

முதலில் சல்லடைபோல ஓட்டை நிறைந்த, வெங்காயச் சருகைவிட மெல்லிய தகடு ஒன்று செய்தாள். அதைக் காட்டப் போன நேரம் பார்த்து ராஜா தும்மிவிட்டார். ஒரு வருஷத்து உழைப்பு ஜன்னல் வழியே போய்விட்டது. அடுத்து செம்பிலிருந்து எடுத்த மயில்துத்தத்தையும் ஒரு புளிப்புச் சத்தையும் சேர்த்துக் காய்ச்சினாள். அடியில் நீலக் குருணை படிந்தது.

"செம்பு தூணாக நிற்கிறது மகாராஜா, புளிப்பு உத்திரமாகக் கிடக்கிறது. நடுவிலெல்லாம் அறைகள், கண்ணுக்குத் தெரியாத அறைகள்" என்றாள். ராஜாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் பிடித்திருந்தது.

பிடிக்காதவர் பிரதானி அனந்தப்பர். செங்கமலத்தின் பட்டறை இருந்த இடத்தில் தம் மைத்துனனுக்குக் குதிரை லாயம் கட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒருநாள் சபையில் ராஜாவின் காதருகே குனிந்தார். வாய்வுத் தொல்லைக்காகத் தினமும் காலையில் கைப்பிடி பச்சைப்பூண்டு தின்கிறவர் அவர். ராஜா தலையை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

"உரக்கவே சொல்லும், பிரதானி."

"தேர்த் திருவிழாவுக்கு வந்த ஜனம் தெருவில் படுத்துக் கிடக்கிறது, மகாராஜா. இந்தப் பெண்ணோ தினமும் அறை கட்டுகிறேன் என்கிறாள். பௌர்ணமிக்குள் ஆயிரம் அறையோடு ஒரு சத்திரம் கட்டட்டுமே. முடியாவிட்டால் பட்டறையைக் காலி செய்யட்டும்."

ராஜா யோசித்தார். சொன்னதில் தப்பில்லை என்று பட்டது. "சரி, அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

செங்கமலம் விரல்விட்டு நாளை எண்ணினாள். பௌர்ணமிக்குள் செங்கல்கூட அறுத்து முடியாதே. பிரதானியின் முகத்தைப் பார்த்தாள். அதில் லாயமே கட்டி முடிந்து குதிரை கனைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் போய் ரோஷம் வந்தது.

"எவ்வளவு பெரிய சத்திரம் என்று சொல்லவில்லையே, ஐயா?"

"அது உன் இஷ்டம்" என்றார் பிரதானி தாராளமாக.

"யார் தங்குவதற்கு?"

"யார் வந்தாலும் தங்க வேண்டியதுதான். சத்திரம் என்றால் ஆள் பார்த்தா இடம் கொடுப்பார்கள்?"

பௌர்ணமியன்று செங்கமலம் ஒரு கண்ணாடிக் குப்பியோடு வந்தாள். உள்ளே ஒரு சிட்டிகை குருணை, நாவல்பழ நிறத்தில் கறுத்துக் கிடந்தது.

"சத்திரம் எங்கே?" என்றார் ராஜா.

"இதுதான் மகாராஜா. ஆயிரம் என்றீர்கள். அதற்கும் மேலேயே இருக்கும். நேற்று நன்றாக வறுத்து, உள்ளே இருந்த ஈரத்தையெல்லாம் விரட்டிவிட்டேன். எல்லா அறையும் காலி. ஆள் வந்தால் நிறம் வெளுக்கும்."

சபை சிரித்தது. பிரதானி சிரிக்கவில்லை. "இதில் யார் வந்து தங்குவார்கள்?"

"நீங்களே ஒருவரை அனுப்பி வையுங்கள், ஐயா. குப்பிக்குள் ஒரு தரம் மூச்சு விட்டால் போதும்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி மறுப்பது? பிரதானி வேண்டுமென்றே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினார். முன்வரிசையில் இருந்தவர்கள் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். செங்கமலம் குப்பியை மூடிக் குலுக்கினாள். குருணை மெல்ல வெளுத்து வான நீலமானது. மூடியைத் திறந்து ராஜாவிடம் நீட்டினாள்.

ராஜா தயங்கித் தயங்கி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். பூண்டு வாடையே இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"அத்தனையும் உள்ளேயா போய்விட்டது?"

"உள்ளே போய்ப் படுத்துவிட்டது, மகாராஜா."

பிரதானிக்கு முகம் சிவந்துவிட்டது. "வாடை தங்கினால் அது சத்திரமாகிவிடுமா? மனுஷன் தங்க வேண்டும். இதோ, நானே தங்குகிறேன். எனக்கு ஓர் அறை கொடு, பார்க்கலாம்."

செங்கமலம் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிதானமாகப் பார்த்தாள். பிறகு சத்திரத்து மணியக்காரர் கையை விரிப்பதுபோல விரித்தாள்.

"மன்னிக்க வேண்டும், ஐயா. ஓர் அறைகூட இல்லை. உங்கள் பூண்டு முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது. அதைச் சரிசெய்துகொண்டு, பட்டறை செங்கமலத்துக்கே சொந்தம் என்றார். பக்கத்துத் தோப்பையும் அவளுக்கே எழுதிக் கொடுக்கச் சொன்னார். திருவிழாவுக்கு வந்த ஜனம் படுக்க அரண்மனை மண்டபத்தைத் திறந்துவிடச் சொன்னார்.

அவள் வணங்கிவிட்டுத் திரும்பினாள். ராஜா ஓரக்கண்ணால் பிரதானியைப் பார்த்துவிட்டு அவளை அருகே கூப்பிட்டார்.

"நாளையிலிருந்து தினமும் காலையில் சபைக்கு ஒரு சத்திரம் வந்துவிட வேண்டும், செங்கமலம்" என்றார் தாழ்ந்த குரலில். "எல்லா அறையும் காலியாக இருக்கட்டும்."